பயிற்சியாளர்கள்

ஜனவரி 8

என் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மாமாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அது எப்போதும் உள்ளதுதான். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தலைவலி விட்டதா?

நிதியிலிருந்து நீங்கள் அனுப்பிய நீலக் கோட்டுகள் வந்து சேர்ந்தன. பெட்டியை உடைத்ததும் சலவைக்கூடமே சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆளுக்கு ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி முதுகை ஒருத்தி திருப்பிப் பார்த்தோம். பெரிய வெள்ளை எழுத்தில் ‘பயிற்சியாளர்’ என்று அச்சடித்திருந்தது. சங்கு என்று ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறேனே, பேசினால் நாலு தெருவுக்குக் கேட்குமே, அவள், “அடியேய், நம்மள வாத்தியாராக்கிட்டாங்கடி!” என்று கத்தினாள்.

உண்மையும் அதுதானே. மூன்று வருடமாக ஆஸ்பத்திரி விரிப்புகளையும் லாட்ஜ் தலையணை உறைகளையும் வெளுத்து, உலர்த்தி, கொதிக்கிற ரோலரில் கொடுத்துத் தேய்த்து அனுப்புகிறோம். இப்போது புதிதாக வருகிற பெண்களுக்கு ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் நாங்கள்தான் சொல்லித் தருகிறோம். அதைக் கவனித்து ‘பயிற்சியாளர்’ என்று போட்டீர்களே, அதில் எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வரும்வரை கோட்டைக் கழற்றவே இல்லை. காய்கறிக் கடைக்காரர், “டீச்சரம்மாவுக்கு என்ன வேணும்?” என்றார். கிண்டல்தான், ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

ஒரு குறை. ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் ரோலர் உடனே நிற்க வேண்டும். இப்போது அது வளைந்து கிடக்கிறது, பட்டாலும் நிற்பதில்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னால், “நிதிக்கு எழுதுங்க” என்கிறார். இந்தச் சலவைக்கூடத்தை நடத்துகிற நிதியின் செயலாளர் நீ. எழுதிவிட்டேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். மாடு உதைத்தால் சொல்லலாம் இல்லையா?

இந்த வருடமாவது ஊருக்கு வா. வருகிறேன் வருகிறேன் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறாய்! போனில் கூப்பிட்டால் ‘ம்’, ‘சரி’, ‘அப்புறம்’. கடிதத்தில்தான் நீ என் தங்கச்சியாக இருக்கிறாய்.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

அவரும் நானும் நலம். தலைவலி வரும் போகும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாமாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை நிதியின் தலைவி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சங்குவின் வரியை மட்டும் விட்டுவிட்டேன். “நம்ம ஊர்ல பொறந்து கட்டிக் கொடுத்துப் போன பொண்ணுங்க சேர்ந்து போட்ட பணம், ஊர்ல இருக்கிற பொண்ணுங்களச் சொந்தக் கால்ல நிக்க வெச்சிருக்கு பாரு” என்று அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். பணம் போட்டவர்களுக்குக் காட்ட வேண்டும். முதுகைக் காட்டி நில்லுங்கள், எழுத்து தெரிய வேண்டும்.

தடுப்புக் கம்பியை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.

ஊருக்கு வர ஆசைதான். அவருக்கு விடுமுறை கிடைப்பதில்லை. போனில் சரியாகப் பேசுவதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பேச்சு வராது. நீ கடிதமே எழுது. நிதி அலுவலக முகவரிக்கு எழுது, அதுதான் சீக்கிரம் கிடைக்கும்.

அன்புத் தங்கை


மார்ச் 5

தங்கச்சிக்கு,

நலம், நலமே விளைக. இத்துடன் படம் இருக்கிறது. எங்கள் அழகான முதுகுகளைப் பணம் போட்ட மகராசிகள் பார்த்து மகிழட்டும். வரிசையில் ஒருத்தி மட்டும் முகத்தைத் திருப்பிப் பல்லைக் காட்டுகிறாள் பார், அவள்தான் வாலு. பத்தொன்பது வயது. பேருக்கு ஏற்ற வால். மேற்பார்வையாளர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள், நாங்கள் சிரித்துச் சிரித்து விரிப்பைக் கீழே போட்டுவிடுவோம். அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது, இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் உலை கொதிப்பது அவள் கையால்தான். ரோலரில் அவளைவிட வேகமான ஆள் கிடையாது.

அந்த ரோலரின் கம்பி அப்படியேதான் இருக்கிறது. நான் துணி காயப்போடுகிற கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். கூட்டம் நடந்ததா? கம்பி என்று ஒரு வார்த்தை யாராவது சொன்னார்களா? மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தாலே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். பதில் போடு.

உன் அக்கா


ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

சௌக்கியம் கேட்க இன்று எனக்கு மனது வரவில்லை. என் போன கடிதத்துக்கு நீ பதிலும் போடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வாலுவின் வலது கையை ரோலர் இழுத்துக்கொண்டது. விரிப்பின் முனை மடங்கியதென்று நேராக்கக் கையை நீட்டினாள், அவ்வளவுதான். கம்பியில் முழங்கை இடித்தது, ரோலர் நிற்கவில்லை. சங்கு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். அதற்குள் விரல்கள் எல்லாம் வெந்துவிட்டன. அந்தப் பெண் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாங்கள் வெளுத்த விரிப்பின் மேலேயே படுக்க வைத்தார்கள். சீட்டு எழுதுகிறவர், “வேலை செய்யிற இடத்துல நடந்ததா? தொழிலாளி அட்டை கொடுங்க, சிகிச்சைச் செலவு முதலாளி கணக்குல போகும்” என்றார். அப்போது மேற்பார்வையாளர் குறுக்கே விழுந்தார். “இவங்க வேலைக்காரங்க இல்லீங்க. பயிற்சியில இருக்கிறவங்க. கோட்டுலயே போட்டிருக்கு பாருங்க.”

நான் சொன்னேன், “பயிற்சியாளர்னா சொல்லிக் கொடுக்கிறவங்க.”

அவர் சிரித்தார். “யாரு உங்களுக்குச் சொன்னது? கத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் பயிற்சியாளர்னுதான் பேரு. நீங்க எல்லாரும் கத்துக்கிறவங்க. கத்துக்கிற இடத்துல சம்பளமும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் முதுகைப் பார்த்தார்கள். அங்கேயே கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு கேள்வி. கம்பியை ஏன் சரி செய்யவில்லை? அந்த வார்த்தையை யார் எழுதியது? மழுப்பாமல் பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

மார்ச் கூட்டத்தில் நேரம் போதாததால் கம்பி விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. இப்போது உடனே சரி செய்ய உத்தரவு போடப்பட்டிருக்கிறது.

நிதியின் விதிகளில் பெண்கள் பயிற்சி பெறுகிறவர்கள் என்றுதான் முதலிலிருந்தே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதனால்தான் கூலி என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்கிறோம். தொழிலாளி என்று எழுதினால் காப்பீடு, சேமநிதி என்று எல்லாம் கட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே அவ்வளவு பாரம் நிதிக்குத் தாங்காது என்பதால் அப்படி முடிவு செய்யப்பட்டது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது அக்கா. நானும் ஒரு காசு வாங்காமல்தான் இந்த வேலையைச் செய்கிறேன். எல்லோரும் சேவையாக நினைத்துச் செய்கிறோம். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் நல்ல காரியம் கெட்டுவிடும்.

கோபம் உன் உடம்புக்கு ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை


மே 4

செயலாளர் அம்மாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம் எனக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது.

ஒத்திவைக்கப்பட்டது, உத்தரவு போடப்பட்டது, முடிவு செய்யப்பட்டது. யாரால்? மழை பெய்த மாதிரி, வெயில் அடித்த மாதிரி எல்லாம் தானாக நடந்துவிட்டதா? பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை எனக்கு ஏறவே இல்லை. வாசலில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நீ. “அக்கா, செஞ்சவங்களச் சொல்லாமலே வாக்கியத்த முடிச்சிடலாம், அதுதான் இதுல வசதி” என்றாய். இப்போது புரிகிறது எவ்வளவு வசதி என்று. எழுவாயை நான் போடுகிறேன். எழுவாய் நீ. அந்த விதிகளின் தமிழ் உன் தமிழ். கூடப் பிறந்தவளின் எழுத்து எனக்குத் தெரியாதா?

மூன்று வருடமாகக் கற்றுக்கொள்கிறோமாம். ஒரு விரிப்பை மடிக்க மூன்று வருடமா? டாக்டருக்கே ஐந்து வருடம்தான். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் நாங்களும் ஊசி போட்டிருப்போம்.

சேவை என்கிறாய். நீ சம்பளம் வாங்காமல் சேவை செய்யலாம். உன் வீட்டில் சம்பாதிக்க ஆள் இருக்கிறார். வேளைக்குச் சோறு, மாற்றிக்கொள்ள நல்ல துணி, போகிற இடத்தில் மரியாதை. உனக்கு இது பொழுதுபோக்கு. எங்களுக்கு அடுப்பு. அடுப்பில் கை வைத்துவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளாதே என்றால் வேறு எதைப் பிடித்துக்கொள்வது? பிடித்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்குக் கையே இல்லை.

டாக்டர் சொன்னதைக் கேள். தோல் சுருங்கி விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. மழைக்காலம் வருவதற்குள் அறுவை செய்து பிரிக்க வேண்டும். விட்டால் ஆயுசுக்கும் மூடிய கைதான். வேலை செய்கிற இடத்தில் பட்ட காயம் என்று நிதி ஒத்துக்கொண்டால் எல்லாச் செலவும் அவர்கள் பொறுப்பு, குணமாகும்வரை கூலியும் உண்டு. ஒத்துக்கொள்ளச் சொல். உன் வேண்டுதல் வேண்டாம்.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே.

பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுதப் போவதில்லை.

எனக்கும் கோபம் வரும். நீ கத்தினால் கூடச் சேர்ந்து கத்தச் சங்கு இருக்கிறாள். நான் யாரோடு சேர்ந்து கத்துவது? இந்த நிதிக்காக எத்தனை வீட்டு வாசலில் நின்றேன் தெரியுமா? “எங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்” என்று சொல்லாத பெண் ஒருத்திகூட இல்லை. ‘பயிற்சி’ என்றால் அந்த வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். ‘தொழிலாளர்’ என்றால் கதவைச் சாத்தினார்கள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் உனக்கு ரோலரும் இல்லை, சலவைக்கூடமும் இல்லை, மூன்று வருடமாகக் கையில் வந்த பணமும் இல்லை. அதையும் ஒரு தடவை நினைத்துப் பார்.

நிறையப் பேசி, அறுவைச் செலவுக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். இத்துடன் உள்ள தாளில் அந்தப் பெண் கையெழுத்துப் போட வேண்டும். ‘இது கருணை உதவி மட்டுமே, எவ்விதத்திலும் கூலியோ இழப்பீடோ ஆகாது’ என்ற வரியைத் தலைவி அம்மா வற்புறுத்திச் சேர்த்தார்கள். செயலாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதற்குமேல் என்னால் முடியாது.

தங்கை


ஜூன் 21

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

உன் தாளை எடுத்துக்கொண்டு வாலுவின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஜன்னல் பக்கம் கட்டில். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தங்கைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தாளை வாசித்துக் காட்டிவிட்டு, “கிழிச்சுப் போடுடி. நாம பிச்சை கேக்கல” என்றேன். நல்லதாக நாலு வசவும் சொன்னேன், அதையெல்லாம் எழுதினால் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம், “அக்கா, உங்க கோவத்த வெச்சு என் விரல் நிமிராது. பேனாவக் குடுங்க” என்றாள்.

இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, ஆனால் அவள் பேர்தான். போடுவதற்கு முன்னால் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இந்தத் தாளுக்கு ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னாள். அதையும் செய்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன், கோபத்தில். தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் தலைவி அம்மாவின் கருணை வாழ்க.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். அறுவை நல்லபடியாக முடிந்தது என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு விஷயம் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்கிறேன், திட்டாதே. அடுத்த மாதம் நிதியின் ஆண்டுக் கூட்டம். அந்தப் பெண்ணின் படம் ஒன்று வேண்டுமாம், கட்டு தெரிகிற மாதிரி. அவள் கைப்பட ஒரு நன்றிக் கடிதமும் வேண்டுமாம். இடது கையால் எழுதினாலும் பரவாயில்லை, அதுதான் இன்னும் நன்றாக இருக்கும் என்று தலைவி அம்மா சொன்னார்கள்.

கேட்டுவிட்டேன். செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம்.

தங்கை


ஆகஸ்ட் 22

தங்கச்சிக்கு,

மாமாவும் நானும் சௌக்கியம். வாலுவுக்கு மூன்று விரல் விரிகிறது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோலரில் இனி நிற்க முடியாது. கட்டாயம் இதை உங்கள் ஆண்டுக் கூட்டத்தில் சொல்லியிருப்பீர்கள், கைதட்டியிருப்பார்கள்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நான் எழுத உட்கார்ந்திருந்தால் நம் உறவு அத்தோடு அறுந்திருக்கும். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

நன்றிக் கடிதம் கேட்கிறார்கள் என்று வாலுவிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இவளுக்கு ரோஷமே இல்லையா என்று எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. நாலு நாள் கழித்து வந்து, “கடிதம் எழுதிட்டேன் அக்கா” என்றாள். வாங்கிப் பார்த்தால், எழுதியிருப்பது நிதிக்கு இல்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கு!

அவளோடு நானும் போனேன். அதிகாரி ஒரு பெண்மணி. “ஏம்மா, நிதிகிட்ட உதவி வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கியே” என்றார். வாலு அந்த நகலை நீட்டினாள். “நல்லா வாசிங்கம்மா. இது கருணை மட்டும்தான், கூலியும் இல்ல, இழப்பீடும் இல்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க. கருணை வந்திருச்சு, நன்றி. கூலியும் இழப்பீடும் இன்னும் வரல. அதக் கேக்கத்தான் வந்தேன்.”

அதிகாரி தாளை மறுபடி படித்தார். அப்புறம் எழுந்துபோய்ப் பக்கத்து அறையில் இருந்தவரைக் கூட்டிவந்து அவருக்கும் காட்டினார்.

விசாரணை வைத்திருக்கிறார்கள், செப்டம்பர் கடைசி வாரம். ஜெயித்தால் வாலுவுக்குக் குணமாக எடுத்த காலத்துக்கும் போன விரலுக்கும் சேர வேண்டியது வரும், எங்கள் எல்லோருக்கும் தொழிலாளி அட்டை வரும். தோற்றால் சலவைக்கூடத்தைப் பூட்டிவிடுவோம் என்று மேற்பார்வையாளர் சாவிக்கொத்தை ஆட்டிக்காட்டிவிட்டுப் போனார். எங்கள் பக்கச் சாட்சியாகச் செயலாளரைக் கேட்டிருக்கிறோம். தாளில் இருப்பது உன் கையெழுத்து. அழைப்பு உனக்கு வரும். அதிகாரி உன்னிடம் ஒரே கேள்வி கேட்பார்: இவங்க அங்க வேலை செஞ்சாங்களா, கத்துக்கிட்டாங்களா? நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்கு எழுத வேண்டாம். வந்து அங்கேயே சொல். எந்தப் பக்கம் பேசினாலும் என் வீட்டில்தான் தங்க வேண்டும்.

விடுமுறை கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே. எழுதினால் அதுதான் நீ எனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம்.

அக்கா


செப்டம்பர் 5

அக்காவுக்கு,

விடுமுறை பற்றி எழுதப் போவதில்லை.

அழைப்பு வந்தது. நிதியில் கூப்பிட்டுக் கேட்டார்கள், என்ன சொல்லப் போகிறாய் என்று. அவர்கள் சொல்லித் தருகிறபடி சொன்னால் ரயில் டிக்கெட்டும் தங்க அறையும் அவர்கள் பொறுப்பு. வேலை செய்தார்கள் என்றுதான் சொல்வேன் என்றேன். அந்த நிமிடமே அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் டிக்கெட்டுக்குக் கேட்டேன். “எதுக்கு?” என்றார். சொன்னேன். “அக்கா தங்கச்சி சண்டைக்கெல்லாம் என் காசு கிடையாது” என்றார்.

என்னிடம் எதுவும் இல்லை அக்கா. இன்றைக்கு என்று இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கையில் பணம் என்று எதுவும் இருந்ததில்லை. கடைக்குப் போனால் மிச்சச் சில்லறையை எண்ணி மேஜை மேல் வைக்க வேண்டும். தலைவலி மாத்திரைக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான். இவருக்கு விடுமுறை எல்லா வருடமும் கிடைத்தது. நிதிக்காக எல்லா வீட்டிலும் கேட்டேனே, நான் மட்டும் அதில் எதுவும் போட்டதில்லை, போட என்னிடம் இல்லை. இதுவரை உனக்கு எழுதின கடிதங்களுக்கெல்லாம் ஒட்டின தபால்தலை நிதியினுடையது. இந்தக் கடிதத்துக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவள் நான்.

என்னால் வர முடியாது. வாலுவிடம் சொல்லிவிடு. இனி வீட்டு முகவரிக்கு, என் பேருக்கே எழுது. பகலில் நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

தங்கை


செப்டம்பர் 12

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உலர்த்தும் அறையில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் எதிரே இருந்த வாளியை உதைத்தேன். தண்ணீர் எல்லாம் கொட்டி, கால் விரல் வீங்கி, இப்போது நொண்டிக்கொண்டு நடக்கிறேன்.

மாப்பிள்ளை என்று இத்தனை வருடம் மரியாதையாக விசாரித்தேனே, அந்த விசாரிப்பை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். உன் மேலும் கோபம்தான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வாசல் வாசலாகக் கையேந்தினவள் கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பொழுதுபோக்கு என்று எழுதியபோதாவது திருப்பித் திட்டியிருக்கலாம். நல்லபிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தாய். அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சவில்லை.

சங்குவிடம் சொன்னேன், ஊருக்கே தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அன்று சாயங்காலமே ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். நான் கவரில் வைத்து ‘தங்கச்சிக்கு உதவி’ என்று எழுதப் போனேன். வாலு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். “உதவின்னு எழுதாதீங்க அக்கா, அப்புறம் கையெழுத்துக் கேப்பீங்க. சாட்சியக் கூப்பிடுறவங்கதான் வழிச்செலவு குடுக்கணுமாம், அதிகாரியம்மாகிட்டக் கேட்டுட்டேன். அதுக்குச் சாட்சிப்படின்னு பேரு.”

ஆகவே இது கருணையும் இல்லை, கடனும் இல்லை, அக்காவின் பாசமும் இல்லை. சாட்சிப்படி. உனக்குச் சேர வேண்டியது. உன் பேருக்கு மணியார்டர் செய்திருக்கிறோம். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கு, எண்ணி யார் மேஜை மேலும் வைக்காதே.

வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். சட்டம் அப்படித்தானாம். திரும்பிப் போவதற்கான பங்கைச் செலவழிப்பதும் செலவழிக்காததும் உன் இஷ்டம்.

உன் அக்கா